பதினேழு எபிசோடாக ஒன்றுக்குப் போகாதவள்

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. எந்தப் பெட்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எந்த லாரியில் வெளியே போனது என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அது பகல் பிழைப்பு. இன்னொன்றும் செய்கிறேன். கைபேசியில் கதை படிக்கும் செயலி ஒன்றில் தொடர்கதை எழுதுகிறேன், புனைபெயரில். என் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. அவர்களும் படிப்பதில்லை.

முதல் மூன்று தொடர்களிலும் என் நாயகிகள் நன்றாக அழுவார்கள். அழ வைப்பதில் எனக்கு ஒரு கைராசி இருந்தது. நாலாவதைத் தொடங்கும் முன்பு செயலியின் ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு சின்னப் பெண் போன் செய்தாள். இப்போது எல்லோரும் ‘ஸ்ட்ராங் ஃபீமேல் கேரக்டர்’தான் கேட்கிறார்கள் என்றாள். அப்படியென்றால் எப்படி இருப்பாள் என்று கேட்டேன். அழக் கூடாது, பயப்படக் கூடாது, கூடுமான வரை சமையலறையில் காட்டக் கூடாது என்றாள். சற்று யோசித்துவிட்டு, “அப்பப்ப யாரையாவது அடிச்சா நல்லா இருக்கும் மேம்” என்று சேர்த்துக்கொண்டாள்.

நான் எப்படிப்பட்டவள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். டெய்லர் ரவிக்கையைக் கெடுத்துக் கொடுத்தால், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பிரித்துத் தைப்பேன். யார்டுக்கு எதிரே சாலையைக் கடக்க, கூட யாராவது வருகிற வரைக்கும் கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். ஷேர் ஆட்டோவில் என் இறங்குமிடம் தாண்டிப் போனாலும் சத்தம் போடக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருவேன். இப்படிப்பட்ட நான், துறைமுகத்தில் ராட்சத கிரேன் ஓட்டும் ஒருத்தியைப் படைத்தேன். முதல் எபிசோடிலேயே தன்னைக் கிண்டல் செய்தவனுடைய பைக்கை அவள் கிரேனில் மாட்டி, அவன் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் கடலுக்கு மேலே தொங்கவிட்டாள். நட்சத்திரங்கள் கொட்டின. அந்தச் செயலியில் கதையை வாசித்துக் காட்டும் வசதியும் உண்டு. ஒரு பெண் குரல் என் வசனங்களை என்னைவிட நன்றாக நம்பி வாசிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மீன் வாங்கப் போகும் சந்தை, ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் இருக்கிறது. பெரிய சந்தை இல்லை. ஒரு பக்கம் மீன் விற்பவர்கள், மறுபக்கம் மீன் வெட்டித் தருபவர்கள். வெட்டுவதற்கு நான் எப்போதும் ஒரே அக்காவிடம்தான் போவேன். ஐம்பது வயதிருக்கும். அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால், பேசிக்கொண்டே ஒரு கிலோ சங்கராவைச் செதில் நீக்கித் துண்டு போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். அவருடைய போன் ஒரு பாலிதீன் பைக்குள் கிடந்து, வெயிலுக்குக் கட்டிய குடையின் கம்பியில் தொங்கும். வழக்கமாக அதில் பாட்டு ஓடும்.

அன்றைக்குப் பாட்டு இல்லை. “‘என் கையில் இருப்பது வெறும் நெம்புகோல் அல்ல, உன் தலையெழுத்து’ என்று அவள் சீறினாள்” என்றது போன்.

எனக்கு உடம்பெல்லாம் சூடானது. தனியாக உட்கார்ந்து எழுதும்போது கம்பீரமாக இருந்த வரி, இறால் தலைகளுக்கும் ஈக்களுக்கும் நடுவில் கேட்கும்போது காது கூசியது. அக்கா சட்டை செய்யவில்லை. பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் தன் சந்தேகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“காத்தால ஏழு மணிக்கு மேல ஏறுறா. சாய்ந்தரம்தான் எறங்குறா. பதினேழு எபிசோடா கேட்டுகினு கீறேன். ஒரு நாளுகூட ஒண்ணுக்குப் போவல.”

இறால்காரப் பெண், அவள் தண்ணீரே குடிப்பதில்லையோ என்னவோ என்றாள். அவளுக்குக் கல்லடைப்பு வரப்போகிறது என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எழுதுகிறவர்களுக்குத் தங்கள் கதையில் ஓட்டை இருக்கிறது என்று யாராவது சொன்னால் வாய் நிற்காது.

“அந்த கேபின் ரொம்ப உயரம்க்கா. அடிக்கடி ஏறி எறங்க முடியாது. அதான் நான் அத எழுதல.”

அரிவாள்மனையில் கை நின்றது. அக்கா என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். வருடக்கணக்காகப் பேரம் பேசத் தெரியாமல் மீன் வாங்கிப் போகிற ஒருத்தியை முதல்முறையாகப் பார்ப்பதுபோல.

“நீயா எழுதுற?”

ஆமாம் என்றேன். பெரிதாக ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. கதையில் அவள் பின்னாலேயே வரும் அந்த இன்ஜினியரை அவள் கட்டிக்கொள்ளப் போகிறாளா என்று கேட்டார். இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். வேண்டாம், அவன் முழி சரியில்லை என்றார். முழியைப் பற்றி நான் எதுவும் எழுதியதாக நினைவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். சந்தைக்குப் பின்னால் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டியிருக்கிறார்கள். நீல ஓடு பதித்து, கதவில் பொட்டு வைத்த பெண் முகம் வரைந்து, ரிப்பன் வெட்டி, போட்டோவும் எடுத்தாகிவிட்டது. போட்டோ எடுத்த கையோடு பூட்டிவிட்டார்கள். சாவி சந்தை அலுவலகத்தில் இருக்கிறது. இந்தப் பெண்கள் விடிவதற்கு முன்பே வந்து மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் உட்காருகிறவர்கள். ஆம்பிளைகளுக்குச் சுவர் இருக்கிறது. இவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிவிட்டார்கள். இறால்காரப் பெண்ணுக்கு நிஜமாகவே கல்லடைப்பு வந்து, அவள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். நாலு முறை போய்க் கேட்டும் சாவி வரவில்லையாம்.

“நீ வந்து பேசு. ஒன் ஆளு பேசுற மாரி பேசு” என்றார் அக்கா.

அது வெறும் கதை, எனக்கு அப்படியெல்லாம் பேச வராது என்று மன்றாடிப் பார்த்தேன். அவள் வாயில் வருவதெல்லாம் என் வாயிலிருந்துதானே வருகிறது என்று அவர் கேட்டார். முடியாது என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் சரி என்றேன். மற்றவர்கள் அதைத் துணிச்சல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா என்னை வரிசையாக அறிமுகப்படுத்தினார். “ரைட்டரு. நம்ம விசயமா பேச வர்றாங்க.” அந்தச் சொல்லுக்கு இருந்த மரியாதையைப் பார்த்து நான் திகைத்துப்போனேன். நடைபாதையில் கூடை வைத்திருந்த பெண் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டாள். பீடி பிடித்துக்கொண்டிருந்த ஐஸ் வண்டிக்காரர் அதைக் காலடியில் போட்டு அணைத்தார். தமிழ்நாட்டில் எழுத்தாளருக்கு மதிப்பில்லை என்று புலம்புகிறவர்கள் ஒரு முறை இந்தச் சந்தைக்கு வந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டேன். காலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று என் நாயகியின் வசனங்களை ஒத்திகை பார்த்தேன். உள்ளே யார் கூட இருக்கிறார்கள் என்று மகள் கதவைத் தட்டினாள். தொண்டை வறண்டுகொண்டே இருந்ததால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன். மெட்ரோவில் ஒரு பாட்டில், இறங்கி நடக்கும்போது இன்னொன்று.

சந்தை வாசலில் அக்கா நின்றிருந்தார். தலைக்குக் குளித்து, பூ வைத்து, மடிப்புக் கலையாத ஒரு புடவையில் இருந்தார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. முன்னால் அரிவாள்மனை இல்லாததால் அவருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சந்தை அலுவலக அதிகாரியை நான் மனதில் மீசையோடு வைத்திருந்தேன். உள்ளே இருந்தவர் ஒல்லியானவர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்து நூலால் கட்டியிருந்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் பள்ளிச் சீருடையில் ஒரு குழந்தையின் படம். அக்கா, “ரைட்டரு வந்துகிறாங்க சார்” என்றதும் எழுந்தே நின்றுவிட்டார். உட்காரச் சொன்னார். டீ வந்தது. குடித்தேன். பிறகு ஒரு கூல் டிரிங்க்ஸ் வந்தது. வேண்டாம் என்று சொல்ல வராமல் அதையும் குடித்தேன்.

“எந்த ஸ்டேஷன் மேடம்?” என்று கேட்டார்.

“விம்கோ நகர் சார்” என்றேன். வீட்டுக்குப் பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன் அதுதான்.

அவர் முகம் கொஞ்சம் மாறியது. அவ்வளவு தூரத்திலிருந்து இதற்காகவா வந்தீர்கள் என்று கேட்டார். தூரமெல்லாம் இல்லை, மெட்ரோவில் ஏறினால் வந்துவிடலாம் என்று சொன்னேன். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. பெண்கள் படும் கஷ்டம் தெரியும் என்றார். பூட்டி வைத்தது தப்புதான் என்றார். பராமரிப்புக்கு ஆள் போடும் ஃபைல் மேலே போயிருக்கிறது, அது வராமல் திறந்தால் தன்னைக் கேட்பார்கள், தண்ணீர் இணைப்புக்கும் எழுதிப் போட்டிருக்கிறது என்றார். நான் சொல்ல நினைத்ததையெல்லாம் எனக்கு முன்பே அவர் சொல்லி முடித்தார். ஒத்துக்கொள்கிறவனிடம் என்ன பேசுவது என்று என் நாயகிக்கு நான் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. “சார், எங்க கையில இருக்கிறது...” என்று ஆரம்பித்தேன். மிச்சம் மறந்துவிட்டது. கையில் காலி டீ கிளாஸ்தான் இருந்தது. அதை மேசையில் வைத்தேன்.

இந்த நேரத்தில் உடம்பு தன் கணக்கைத் தீர்க்க வந்தது. காலை முதல் குடித்த தண்ணீர், டீ, கூல் டிரிங்க்ஸ், பயம் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தன. காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தேன். அவர் ஃபைல் போன வழியை ஒவ்வொரு மேசையாக விவரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மேசைக்கு மேல் என்னால் முடியவில்லை.

“சார், இங்க பாத்ரூம் எங்க இருக்கு?”

அவர் தடுமாறிப்போனார். இங்கே இருப்பது ஜென்ட்ஸ் மட்டும்தான், மாடிப்படித் திருப்பத்தில் இருக்கிறது, தாழ்ப்பாள் கிடையாது, இங்கே லேடீஸ் ஸ்டாஃப் யாரும் இல்லாததால் இதுவரைக்கும் தேவைப்படவில்லை என்றார். என்னை அறிமுகப்படுத்தியதோடு நிறுத்திக்கொண்ட அக்கா அப்போதுதான் மறுபடி வாயைத் திறந்தார்.

“சந்தையாண்ட ஒண்ணு கீது சார். பூட்டி கீது.”

அவர் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. மேசை டிராயரைத் திறந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து, அதிலிருந்து ஒரு சாவியை மட்டும் கழற்றி அக்காவின் கையில் வைத்தார். “மேடம் முதல்ல போயிட்டு வரட்டும்” என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு ஓடினேன்.

பூட்டு துருப்பிடித்திருந்தது. அக்கா யாரிடமோ தேங்காய் எண்ணெய் வாங்கி ஊற்றி, கல்லால் இரண்டு தட்டுத் தட்டித் திறந்தார். உள்ளே தெர்மாகோல் பெட்டிகள், சுருட்டி வைத்த பேனர்கள், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், திறப்பு விழாவின் காய்ந்துபோன மாலை. நாலு பெண்கள் வந்து அள்ளி அள்ளி வெளியே எறிந்தார்கள். எனக்காக அவர்கள் அப்படி அவசரப்பட்டதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஒருத்தி ஐஸ் கரைந்த தண்ணீரை வாளியில் கொண்டுவந்து வைத்தாள். அப்படியாக, அந்தக் கட்டடத்தை உண்மையில் திறந்து வைத்தது நான்தான்.

வெளியே வந்தபோது கதவிலிருந்து சந்தை முனை வரைக்கும் பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். அடுத்தவள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்று அக்காவிடம் கேட்டேன். “இன்னாத்துக்கு?” என்றார். இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் வெகுநேரம் நிறுத்தவில்லை. கடைசியில் சொன்னார்:

“அந்தாளு ஒன்ன போலீஸ் டேசன் ரைட்டருன்னு நெனச்சிகினாரு.”

எங்கள் பக்கத்தில் ரைட்டர் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுதி வாங்குகிறவர். கூடை உள்ளே போனது, பீடி அணைந்தது, கூல் டிரிங்க்ஸ் வந்தது எல்லாவற்றுக்கும் அப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. இலக்கியத்துக்கு அதில் பங்கே இல்லை. அக்காவுக்கு முதலிலேயே தெரியுமா என்று கேட்டேன். தான் பொய் எதுவும் சொல்லவில்லையே என்றார். அதுவும் உண்மைதான்.

அடுத்த மூன்று நாள் நான் தூங்கவில்லை. போலீஸ் என்று சொல்லி ஏமாற்றியதாக வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். விம்கோ நகர் என்று ஊர் பேர் சொன்னதற்கெல்லாம் கைது செய்ய மாட்டார்கள் என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். தெருவில் காக்கிச் சட்டை தெரிந்தால், அது ஆட்டோக்காரராக இருந்தாலும் பக்கத்துக் கடைக்குள் நுழைந்துகொண்டேன். சனிக்கிழமை வேலை முடிந்ததும், யாரிடமும் சொல்லாமல், நானே தனியாக அந்த அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் இரண்டு முறை திரும்பிவிட்டு மூன்றாவது முறை உள்ளே நுழைந்தேன்.

நான் போலீஸ் இல்லை, கதை எழுதுகிறவள், தயவுசெய்து மன்னிக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தெரியும் மேடம். ஸ்டேஷன்ல இருந்து வர்றவங்க பாத்ரூம் எங்கன்னு அப்படிப் பயந்துகிட்டுக் கேக்க மாட்டாங்க.”

அப்புறம் ஏன் சாவியைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். முன்னால் இருந்த ஃபைல் கட்டைத் தள்ளி வைத்தார். இத்தனை நாளாகத் ‘தேவை’ என்பதைக் காகிதத்தில்தான் படித்துக்கொண்டிருந்தேன், அன்றைக்கு அது எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டது என்றார். நான் என்ன கதை எழுதுகிறேன் என்று விசாரித்தார். கிரேன் கதை என்றேன். அவர் மனைவி கேட்கும் கதை அது. இன்ஜினியரைக் கட்டிக்கொள்வாளா என்று இப்போதே சொன்னால், வீட்டில் போய்ச் சொல்லத் தனக்குப் பெருமையாக இருக்கும் என்றார். சந்தையில் வேண்டாம் என்கிறார்கள் என்று சொன்னேன்.

அடுத்த வாரம் தண்ணீர்க் குழாய் வந்தது. அதிகாரி ஒரு முறை சாவியைக் கேட்டு வந்திருக்கிறார். பூட்டே இல்லை, சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று அக்கா, தலை நிமிராமல், ஒரு சுறாவை வெட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார். அவர் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

பதினெட்டாவது எபிசோடில் என் நாயகிக்கு, கேபினில் இருக்கும்போது முட்டிக்கொண்டு வந்தது. கப்பல் காத்துக்கொண்டிருக்க, கிரேனை நிறுத்தினாள். அத்தனை படியும் இறங்கினாள். யார்டைக் கடந்து ஓடினாள். பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. அனுப்பிய பத்தாவது நிமிடம் ஆசிரியர் குழுப் பெண் போன் செய்தாள். இது கேரக்டரின் இமேஜைக் கெடுக்கும், எடுத்துவிடலாமா மேம் என்று கேட்டாள். என் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத ஒரு சொல்லை நான் அவளிடம் சொன்னேன். முடியாது என்றேன். அவள் சரி மேம் என்று உடனே வைத்துவிட்டாள். இவ்வளவுதானா என்று இருந்தது.

நட்சத்திரங்கள் சரிந்தன. என் கனவு நாயகியைக் கேவலப்படுத்திவிட்டீர்கள் என்று ஒருவர் எழுதினார். சாகசக் கதையில் இதெல்லாம் எதற்கு என்று இன்னொருவர். மறுநாள் பெண்கள் எழுத ஆரம்பித்தார்கள். பரீட்சை ஹாலில் மூன்று மணி நேரம் நிற்கும் டீச்சர், பந்தோபஸ்துக்கு நடுரோட்டில் நிற்கும் பெண் போலீஸ், கல்யாண ரிசப்ஷன் மேடையில் நகையோடு உட்கார வைக்கப்பட்ட மணப்பெண். ஒவ்வொரு கருத்தும் என் எபிசோடைவிட நீளமாக இருந்தது. ஆசிரியர் குழுப் பெண் மறுபடி பேசினாள். தாம்பரத்திலிருந்து ஆபீசுக்கு வரும் வரைக்கும் தானும் தண்ணீர் குடிப்பதில்லை என்று மெல்லச் சொன்னாள். பிறகு தொழில் குரலுக்கு மாறி, இது இப்போது ட்ரெண்ட் ஆவதால் மற்ற தொடர்களிலும் வைக்கச் சொல்லலாமா என்று கேட்டாள்.

அக்காவுக்கு அந்த எபிசோடு அரைத் திருப்திதான். ஒரே உதையில் நாயகி பூட்டை உடைத்துவிட்டதாக எழுதியிருந்தேன்.

“ஒதச்சா கால்தான் ஒடியும். கேட்டு வாங்கிகினு வந்தோமில்ல, அத்த எழுது” என்றார். அடுத்த எபிசோடில் அவள் காலில் கட்டோடு வந்தாள். இன்ஜினியர் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து பார்த்துவிட்டுப் போனான். அதோடு அவன் கதையை விட்டே போய்விட்டான்.

கழிப்பறைக்கு ஒரு போர்டு வேண்டும், நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று அதிகாரி சொல்லி அனுப்பினார். ‘மகளிர் பயன்பாட்டிற்கு மட்டும். தூய்மை பேணுக’ என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அக்கா இறால்காரப் பெண்ணை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பேணுக என்பது யார் என்று கேட்டார். அடித்துவிட்டு எளிமையாக எழுதினேன். அதுவும் நீளம் என்றார்கள். கடைசியில் அவர்களே சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘பொம்பளைங்க மட்டும். தண்ணி ஊத்திட்டு வா.’ வா என்பதை வாங்க என்று மாற்றலாமே என்று கெஞ்சிப் பார்த்தேன். வாங்க என்று போட்டால் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், வா என்றால்தான் ஊற்றுவார்கள் என்றாள் இறால்காரப் பெண். ஓட்டெடுப்பு நடந்தது. என் பக்கம் நான் மட்டும்தான் இருந்தேன். மறுநாளே பெயின்டர் வந்து, நீலச் சுவரில் சிவப்பு எழுத்தில், அப்படியே எழுதிவிட்டுப் போனார்.